கண்ணாடியின் மதியச் சாப்பாடு

ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போட்டு அனுப்பிய ஒரு சாப்பாட்டு மேசையில், வாங்கியவர் வீட்டுப் பூனை தன் முகத்தைப் பார்த்து மூன்று நாள் சண்டை போட்டது. நாலாம் நாள் சமாதானமாகி, மேசைக்குள் இருக்கும் பூனையோடுதான் இனிக் குடித்தனம் என்று அங்கேயே தங்கிவிட்டது. வீட்டார் தட்டைத் தரையில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

சரி, கூட்டித்தான் சொல்கிறேன். பூனை ஒரு தடவை சீறியது, அவ்வளவுதான். அதுவும் எதைப் பார்த்துச் சீறியதோ. ஆனால் மேசையில் முகம் தெரிந்தது பொய்யில்லை. பாலிஷ் போட்டவருக்கு அதனால் கண்ணாடி என்று பெயர் வந்ததும் பொய்யில்லை. இப்போது யாராவது அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அவரே ஒதுங்கி வழி விடுவார்.

மரத்தில் அந்தப் பளபளப்பைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைக்க வேண்டும். பஞ்சைப் பழைய துணியில் சுற்றி, உள்ளங்கைக்குள் அடங்கும் பொட்டலமாகக் கட்டி, அதில் அந்தக் கரைசலை ஊற்றி, மரத்தின் மேல் வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கை மரத்தின் மேல் நிற்கக் கூடாது. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றாலும் போதும், கீழே காய்ந்திருக்கும் பூச்சை ஸ்பிரிட் கரைத்துவிடும். பொட்டலம் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலை உரித்தது போல உரித்துக்கொண்டு வரும். விமானம் தரையில் இறங்குவது போலக் கை சரிந்து வந்து இறங்க வேண்டும், அதே போலச் சரிந்து எழும்பிப் போக வேண்டும். கடைசிப் பூச்சு என்றால் இன்னும் மோசம். இந்த ஓரத்தில் ஆரம்பித்தால் அந்த ஓரம் வரை ஒரே ஓட்டம். நடுவில் விட்டால் விட்ட இடத்தில் திட்டு விழும். தாழ்வாரத்தில் நின்று பார்த்தால்கூடத் தெரியும்.

ஆகவே பாலிஷ்காரர்களுக்குப் பசி என்பது தள்ளிப்போடும் சமாசாரம். 'முடிச்சிட்டுச் சாப்பிடலாம்' என்பார்கள். முடிப்பதற்குள் பசி செத்துப் போகும். செத்த பசிக்கு மேல் வேறொன்று எழுந்து உட்காரும்.

கண்ணாடிக்கு எழுந்து உட்கார்ந்தது குடி.

அந்தத் தொழிலில் குடிகாரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேலெல்லாம் ஸ்பிரிட் வாடை அடிக்கும். மனைவி மூக்கைச் சுளித்தால், "பாலிஷ் வாடை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம். அவளும் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த வாடை எதனுடையது என்று தெரியாதவள் இல்லை. தெரிந்தும் பல வருஷம் அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டாள். வேறு பதில் வந்தால் அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டில் கிடைக்காத ஒரு நாள் கண்ணாடி பட்டறை கேனிலேயே கைவைத்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது எதிரில் நின்ற மனைவி வெள்ளைப் புகையாகத் தெரிந்தாள். புகை விலகிப் பார்வை திரும்பப் பல நாள் ஆயிற்று. டாக்டர் பூசி மெழுகவில்லை. "இது மரத்துக்குப் போடுற விஷம். இந்தத் தடவை கண்ணு திரும்பிடுச்சு. இன்னொரு தடவை குடிச்சா கண்ணு போகும், அதோட ஆளும் போகலாம். அப்ப எங்கிட்ட வந்து அழாதீங்க."

அங்கிருந்து நேராக மறுவாழ்வு மையம். மையத்தில் ஓர் ஆலோசகர் அம்மா இருந்தார். மெல்லிய குரல், ஆனால் கேட்ட கேள்வியை விடமாட்டார். எப்போது குடிக்கத் தோன்றும் என்று கேட்டார். கவலை வந்தால் என்றார் கண்ணாடி. இன்னொரு நாள் கேட்டதற்கு மச்சான் திட்டினால் என்றார். வேறொரு நாள், மழை பெய்தால் என்றார். விசாரித்துக்கொண்டே போனதில், கவலையும் மச்சானும் மழையும் வந்த நாளிலெல்லாம் ஒன்று மட்டும் வரவில்லை என்று தெரிந்தது. மதியச் சாப்பாடு.

அப்போது கண்ணாடி, யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். காலையில் ஸ்பிரிட் கேனைத் திறந்தால் மூக்கு எரியும். மதியம் தாண்டி வயிறு காய்ந்துவிட்டால் அதே கேன் இனிக்க ஆரம்பித்துவிடும். பழுத்த பழம் பக்கத்தில் இருப்பது போல வாடை வரும்.

"அப்ப அந்தத் தொழிலையே விட்டுடுங்க," என்றார் ஆலோசகர் அம்மா.

"விட்டுட்டு? ஜனங்களுக்குப் பல்லு புடுங்கவா?"

"சரி, விட மாட்டீங்க. அது இனிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிட்டுடணும். எந்த மேசையா இருந்தாலும், யாரு நின்னாலும். முடியுமா?"

"முடியும்," என்றார் கண்ணாடி. அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

குடியை விட்டவர்கள் சாந்தமாகிவிடுவார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கண்ணாடிக்கு இருந்த கோபமெல்லாம் அதுவரை பாட்டிலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்ததும் வெளியே நடமாட ஆரம்பித்தது. மையத்தில் சொன்ன நல்ல பழக்கம் ஒன்றையும் அவர் விடவில்லை. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். விடியற்காலையில் நடக்கப் போவார். அந்த நடையைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறார் என்று தோன்றும். தெருநாய்கள் எழுந்து ஓரமாகப் போகும். இரவு சீக்கிரம் படுப்பார். தூங்குகிற முகத்தில்கூடப் புருவம் நெரிந்திருக்கும். வாரம் ஒரு தடவை மையத்தில் குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். "இந்த வட்டம் எனக்குப் பிடிக்கல" என்று ஒவ்வொரு வாரமும் வட்டத்தில் உட்கார்ந்தே சொல்வார். அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் போய் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. குடித்த காலத்தில் அவர் என்ன சொன்னாலும் உலகம் தலையாட்டியது. விட்ட பிறகு அவர் வாயைத் திறந்தால் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் ஊரே மோந்து பார்த்தது.

பட்டறை முதலாளி மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், காலையில் வாசலில் நின்று கட்டிப்பிடிப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. தோளில் தட்டுகிற சாக்கில் மூக்கு கழுத்துப் பக்கம் போகும். அந்தக் காலத்தில் "வாங்க மாப்ளே" என்று கூப்பிட்டவர், குடி முற்றிய பிறகு "வா" என்றார். குடி போன பிறகும் "வா"வில்தான் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் மனைவி சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பாள். அவள் பொத்தானைப் பார்த்த பக்கம் பொத்தானே இருக்காது.

"பாலிஷ் பட்டறையில நின்னுக்கிட்டு ஸ்பிரிட் வாடை வருதான்னு மோந்து பாக்குறாரே உங்க அண்ணன், அவருக்கு மூளை இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டார் கண்ணாடி. "கழுதையைப் புடிச்சு மோந்தாலும் இங்க ஸ்பிரிட்தான் அடிக்கும்."

"அக்கறையில செய்றாருங்க."

"அக்கறைக்கு மூக்கு மட்டும்தான் இருக்கா? காது கிடையாதா? வாயால கேட்டா சொல்ல மாட்டேனா?"

"இத்தனை வருஷம் வாயால கேட்டேனே, என்ன சொன்னீங்க?"

 கண்ணாடி அந்தக் கேள்விக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போது பட்டறைக்கு ஒரு பெரிய மேசை வேலை வந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் கூட்ட அறைக்கு. இருபது பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்காமல் ஒரு நாள் முழுக்கக் கழிக்கலாம், அவ்வளவு நீளம். பூச்செல்லாம் முடிந்து கடைசிப் பூச்சு மட்டும் பாக்கி. மறுநாள் காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அன்று பார்த்து விடிந்ததிலிருந்து மழை. காற்றில் ஈரம் இருந்தால் இந்தப் பாலிஷ் வெளுத்துப் போகும். மரத்தில் சாம்பல் பூத்தது போலாகிவிடும். ஆகவே மழை விட்டு ஈரம் குறையும் வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உப்புத்தாள் தேய்க்கிறவர்கள் இரண்டு பேர், நாற்காலிக்கு மெத்தை தைக்கிற மெத்தைக்காரர், கண்ணாடி. மச்சான் மட்டும் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் நேரம் நகராது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று நிஜமாகவே நகரவில்லை.

அந்தப் பட்டறையில் கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் போடக் கூடாது. மரத்தில் கீறல் விழும். கையெல்லாம் அரக்கு என்பதால் செல்போனையும் வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து நேரம் சொல்வது சுவரில் மாட்டிய ஒரே ஒரு கடிகாரம். மெத்தைக்காரர் அதை இரண்டு மூன்று தடவை அண்ணாந்து பார்த்தார்.

"என்னமோ தெரியல, இன்னிக்கு என் வயிறு மட்டும் முன்னாடியே போயிட்டிருக்கு," என்றார்.

"உங்க வயிறு என்னிக்குத்தான் பின்னாடி வந்துச்சு," என்றார் உப்புத்தாள்காரர்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

மழை விட்டு வெளிச்சம் வந்தது. மச்சான் கையைத் தட்டினார். "ஆரம்பி, ஆரம்பி. திரும்ப மழை வர்றதுக்குள்ள ஓட்டிடணும்."

கண்ணாடி கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. இந்த நீளத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்துவிடும். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால், சாப்பிட்டுவிட்டுத்தான் தொடுவேன் என்று சொல்லியிருப்பார். அதுதான் அவர் சட்டம், பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

பாலிஷ் அறைக்குள் போனார். கேனைத் திறந்தார். மூக்கு எரிந்தது. நல்லது என்று பொட்டலத்தை நனைத்து ஆரம்பித்தார்.

பாதி மேசை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கை தானாகச் சுற்றியது. ஈரம் முழுக்கப் போகாததால் நிதானமாக ஓட்ட வேண்டியிருந்தது. பாதியைத் தாண்டிய பிறகு ஏதோ சரியில்லை. முதலில் உப்புத்தாள் சத்தத்தின் மேல் எரிச்சல் வந்தது. தினம் கேட்கிற சத்தம்தான். பிறகு மேசையின் மேல் எரிச்சல் வந்தது, இவ்வளவு நீளத்தில் எவன் மேசை கேட்டான் என்று. அப்புறம் காலையில் மனைவி பார்த்த பொத்தான் ஞாபகம் வந்தது. போன வருஷம் எவனோ சிரித்தது ஞாபகம் வந்தது. 

பொட்டலத்தை மறுபடி நனைக்கக் கேன் பக்கம் குனிந்தார்.

இனித்தது.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆக இன்னும் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு எவ்வளவோ பாக்கி. அப்படியானால் வயிறு காயவில்லை. காலையில் சாப்பிட்டதே இன்னும் இருக்க வேண்டும். அப்படியானால் பசி காரணமில்லை. தனக்குள்தான் ஏதோ கெட்டுப்போய்விட்டது. இத்தனை நடை, இத்தனை தூக்கம், இத்தனை வட்டத்துக்குப் பிறகும் உள்ளே அந்தப் பழைய ஆள் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் கேன் இன்னும் கொஞ்சம் இனித்தது.

கை சுற்றிக்கொண்டே இருந்தது. நனைக்கக் குனிந்தார், நிமிர்ந்தார், குனிந்தார். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திரும்பப் போட்டார். ஒரு தடவை போடவில்லை. போடாததைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கு ஒன்று சொன்னது, கடிகாரம் வேறொன்று சொன்னது. மூக்குச் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று மையத்தில் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மனைவி வெள்ளைப் புகையாக நின்றது அவருக்கு மறக்கவில்லை. மேசையில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. கண்ணாடி கையைச் சரித்து எழுப்பினார். பொட்டலத்தை டப்பாவில் போட்டு மூடினார். கேன் மூடியைத் தன் பலம் முழுக்கப் போட்டுத் திருகினார். வெளியே நடந்தார்.

அவர் பின்னால், மேசையின் மேல், பூச்சு நின்ற இடத்தில் ஓரம் காய ஆரம்பித்தது. வாழ்க்கையில் அவர் விட்ட முதல் திட்டு.

"என்ன, நிறுத்திட்ட?" மச்சான் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிடப் போறேன்."

"மணியைப் பாரு. பன்னெண்டுகூட ஆகல."

"மணி எனக்குத் தேவையில்ல. பசிக்குது."

"பாதியில விட்டா திட்டு விழும்னு உனக்கு நான் சொல்லணுமா? கண்ணாடின்னு பேரு வச்சுக்கிட்டு? இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிட்டுச் சாப்பிடு. ஒரு வேளை முன்னப்பின்ன ஆனா செத்தா போயிடுவ?"

"போயிடுவேன்."

"யாருக்கிட்ட கதை விடுற? குடிச்ச காலத்துல ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தவன்தானே நீ?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். தள்ளுங்க மச்சான்."

"இப்ப வெளிய போனா நீ எங்க போவன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சந்தோஷம். தள்ளுங்க."

தள்ளவில்லை. கண்ணாடி தள்ளினார். முதலாளியைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே வந்து, பைக்குள்ளிருந்த சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு, லாரி நிற்கும் இடத்தில் அடுக்கியிருந்த பலகைகளின் மேல் போய் உட்கார்ந்தார். அடுக்கைத் திறக்க முடியவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, பிடுங்குவது போலத் திறந்து, முதல் கவளத்தை வாயில் போட்டு, யாரோ ஒருவருடைய எலும்பைக் கடிப்பது போல மென்றார்.

உள்ளே மச்சான் தங்கைக்கு போன் போட்டார். "உன் புருஷன் வேலையைப் பாதியில போட்டுட்டுக் கெளம்பிட்டான். மூஞ்சி சரியில்ல. எங்க போயிருப்பான்னு உனக்கே தெரியும்."

மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் ஓடி வந்தாள். வழி நெடுக எந்தெந்தக் கடை வாசலில் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டே வந்தவள், பலகை அடுக்கின் மேல் புருஷன் கன்னம் புடைக்கச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மூச்சிரைக்கக் கிட்டே வந்தாள். வந்தவள், பழக்கதோஷம், குனிந்தாள்.

கண்ணாடி வாயை அகலமாகத் திறந்து காட்டினார். உள்ளே பாதி மென்ற சாப்பாடு.

"பாரு. நல்லாப் பாரு. உள்ள தலையை விட்டுப் பாரு. வேணும்னா உங்க கடையிலேர்ந்து டார்ச் லைட்டு கொண்டா."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். முகம் சுருங்கிவிட்டது. "அண்ணன் போன் பண்ணாரு. நீங்க போயிட்டீங்கன்னு..."

"போயிட்டேன். இதோ இங்கதான் போயிருக்கேன். இது தப்பா? நான் சாப்பிடுறது தப்பா? விழுந்து கிடந்தப்ப ஊருல அத்தனை பேருக்கும் எம்மேல பரிதாபம். எழுந்து நிக்கிறேன், சாப்பிட அரை மணி நேரம் கேக்குறேன், அதைக் குடுக்க ஒருத்தருக்கும் மனசு வரல."

"கத்தாதீங்க. மெதுவா மெல்லுங்க."

"கத்துவேன். கத்திக்கிட்டேதான் மெல்லுவேன். இனிச்சுது, தெரியுமா? பன்னெண்டு ஆகல, அதுக்குள்ள இனிக்குது. நான் முடிஞ்சு போனேன்னு நெனச்சேன்."

அவளுக்கு அந்த வார்த்தை புரியும். ஆலோசகர் அம்மா அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள்.

"பன்னெண்டா? என்னங்க சொல்றீங்க? நான் சாப்பிட்டு முடிச்சு எவ்வளவு நேரமாச்சு."

அந்த நேரம் மெத்தைக்காரர் வாசல் பெட்டியில் கைவிட்டுத் தன் செல்போனைத் தேடி எடுத்தார். வயிற்றின் பேச்சைக் கேட்காமல் இருக்க அவரால் அதற்கு மேல் முடியவில்லை. போனைப் பார்த்தார், உள்ளே எட்டிச் சுவரைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார். பிறகு பலகைப் பக்கம் நடந்து வந்து போனைக் கண்ணாடியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கண்ணாடி, என் வயிறுதான் ரைட்டு. மணி ரெண்டு."

 உள்ளே உப்புத்தாள் சத்தம் நின்றுவிட்டது.

கண்ணாடி எழுந்தார். சாப்பாட்டு அடுக்கு மடியிலிருந்து சரியப் பார்த்தது, மனைவி பிடித்துக்கொண்டாள். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்த விதத்தைப் பார்த்து மெத்தைக்காரர் தானாகவே இரண்டடி விலகினார். உள்ளே போனால் மச்சானைக் கொன்றிருப்பார். நான் மிகைப்படுத்தவில்லை, இந்த இடத்தில் மிகைப்படுத்த ஒன்றுமே இல்லை.

"உக்காருங்க," என்றாள் மனைவி.

"விடு."

"உக்காருங்க. வெறும் வயித்துல எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பாதி அப்படியே இருக்கு. முழுசும் சாப்பிடுங்க. எங்க அண்ணன் எங்கயும் ஓடிட மாட்டாரு." பிறகு அங்கியின் கையை மடித்து விட்டுக்கொண்டாள். "அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

அவள் உள்ளே போன வேகத்தில் வாசலில் இருந்த உப்புத்தாள்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மச்சான் பாதி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கடிகாரத்தைப் பின்னாடி திருப்பினீங்களா?"

"இல்லம்மா, அது என்னன்னா, நாளைக்கு வண்டி..."

"திருப்பினீங்களா இல்லையாண்ணே?"

"ரெண்டு மணி நேரம். கொஞ்சம் கம்மி. அவ்வளவுதானே. சாப்பாட்டு நேரம் நெருங்கிடுச்சுன்னா தொடமாட்டேம்பான். மழை நின்ன நேரத்தை விட்டா வேலை எப்படி முடியும்? எத்தனை நாள் அந்த ஆளை நான் தோள்ல தூக்கிட்டு வந்து உன் வீட்டுல போட்டிருக்கேன். சாக்கடையில கிடந்தவனை எடுத்துக் குளிப்பாட்டியிருக்கேன். எனக்காக ஒரு நாள் பசி தாங்கக் கூடாதா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. தூக்கியிருக்கிறார், குளிப்பாட்டியிருக்கிறார். அது உண்மையாக இருந்ததால்தான் அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"சுமந்தீங்க. யாரு இல்லன்னா? அதுக்காக மறுபடியும் சுமக்க ஆசைப்படுறீங்களா? இந்தத் தடவை சுமந்தா கண்ணு தெரியாத ஆளைத்தான் சுமப்பீங்க. நான் கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன், நீங்க பின்னாடி மோந்துக்கிட்டே வாங்க."

"அப்படியெல்லாம் நான் நெனக்கல..."

"நெனச்சிருக்க மாட்டீங்க. உங்களுக்கு மேசைதான் தெரிஞ்சுது. நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? நீங்க போன் பண்ணின உடனே கடை வாசல் ஒவ்வொண்ணையும் மனசுல போட்டுக்கிட்டுத்தான் ஓடி வந்தேன். அந்த மனுஷன் நடுங்கிக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. நான் போய் வாயை மோந்தேன். எனக்கே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. உங்களை என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

 மச்சான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. மெத்தைக்காரரும் உப்புத்தாள்காரர்களும் தங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். திருப்பப்பட்டது அவர்களுடைய கடிகாரமும்தான். "எங்கய்யா போறீங்க?" என்றார் மச்சான். "பன்னெண்டு மணிக்குச் சாப்பிடப் போறோம் முதலாளி," என்றார் மெத்தைக்காரர் திரும்பிப் பார்க்காமல்.

பலகை அடுக்கின் மேல் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் கண்ணாடியைச் சமாதானப்படுத்தவில்லை. அவரவருக்கு அவரவர் ஆத்திரம் இருந்தது. கண்ணாடி கடைசிக் கவளம் வரை மென்றார். பருக்கையை விரலால் வழித்தார். கழுத்து நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. நடுக்கம் நின்றது. கேன் வாடை வாசல் வரை வரத்தான் செய்தது. ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். எரிந்தது.

பிறகுதான் மச்சான் வெளியே வந்தார். வந்து நிற்கத் தெரியாமல் நின்றார். கண்ணாடி உட்கார்ந்தபடியே பேசினார். குரல் தணிந்திருந்தது; வார்த்தை தணியவில்லை.

"மேசையில திட்டு விழுந்திருக்கும். நாளைக்குக் காலையில அந்தப் பூச்சை எடுத்துட்டு முதல்லேர்ந்து நானே போடுறேன். நாளைக்கு வண்டி வராது. கம்பெனிக்கு நீங்க சொல்லுங்க. இனிமே மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறை மொத்தமும் நிக்கும். எனக்காக இல்ல, எல்லாருக்கும். கேன் என் பக்கத்துல இருக்கக் கூடாது. மெத்தைக்காரர் வேணுங்கிற அளவு கிண்ணத்துல ஊத்திக் குடுப்பாரு. ஒத்துக்கிட்டா நாளைக்கு வர்றேன். இல்லன்னா என் டப்பாவை எடுத்துக்கிட்டு இப்பவே போறேன்."

"கம்பெனிக்காரங்க சும்மா விடுவாங்களா?" என்றார் மச்சான்.

"கேளுங்க."

கேட்டார். எல்லோர் முன்னாலும் போன் போட்டு, தொண்டையைச் செருமி, மழை, ஈரம் என்று இழுத்து, ஒரு நாள் தள்ளிப்போகுமே என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைக் கேட்டு அவர் காது சிவந்தது. மெத்தைக்காரர் என்னவாம் என்று கேட்டார்.

"அடுத்த வாரம் குடுத்தாப் போதுமாம்," என்றார் மச்சான். "நாற்காலி இன்னும் வரலையாம்."

மறுநாள் கண்ணாடி அந்தத் திட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மேசை முழுவதையும் முதலிலிருந்து போட்டார். சாப்பாட்டு நேரத்தில் பட்டறை நின்றது, அன்றிலிருந்து தினமும் நிற்கிறது. கட்டிப்பிடிப்பது நின்றுவிட்டது. "இனிமே என் வாயை யாராவது மோந்தா மூக்கைக் கடிச்சிருவேன்" என்று கண்ணாடி பொதுவாக அறிவித்திருந்தார். மச்சான் அதைத் தன் மூக்கு என்றே எடுத்துக்கொண்டார். காலையில் "வாங்க மாப்ளே" என்று தூரத்திலிருந்தே சொல்கிறார். வீட்டில் மனைவி, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று வாயால் கேட்கிறாள். "இனிச்சுது, சாப்பிட்டேன், போயிடுச்சு" என்று சில நாள் பதில் வருகிறது. சில நாள் பதில் வருவதில்லை. அன்று இரண்டு பேருமாக நடக்கப் போகிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று அவ்வளவு பெரிய அநியாயம் நடந்தும், கைக்கெட்டும் தூரத்தில் மச்சான் நின்றும், கண்ணாடி சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, பெருந்தன்மையோடு அவரை மன்னித்து விட்டுவிட்டார்.

இதைப் படித்துக் காட்டியபோது, எதிரில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த கண்ணாடியின் மனைவி தலையைத் தூக்கினாள்.

"மன்னிச்சாரா? யாரு சொன்னது உங்களுக்கு? போன் பேசி முடிச்ச உடனே, அடுக்கு மூடியில கை கழுவி வச்சிருந்த எச்சில் தண்ணிய அப்படியே எங்க அண்ணன் சட்டையில ஊத்தினாரு. ஆனா சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் ஊத்தினாரு. எழுதுறதுன்னா அதையும் எழுதுங்க."